மணலுக்கும் மூச்சு வேணும்! கழிவுநீர் சுத்திகரிப்புக்கு வழிகாட்டிய எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் யார்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எஸ்.டி.பி. என்ற வார்த்தை நல்லாவே பழக்கம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு போகும். கரன்ட் போய், தொட்டிக்குக் காற்று அனுப்பும் புளோயர் பல மணி நேரம் நின்றுவிட்டால் அவ்வளவுதான். அழுகிய முட்டை வாடை கிளம்பிவிடும்.

அதே தொட்டி, அதே தண்ணீர். காற்று நின்றால் மட்டும் ஏன் நாற்றம்?

இந்தக் கேள்விக்கான பதிலின் முதல் பாதியைக் கண்டுபிடித்தவர் 150 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆங்கிலேய வேதியியலாளர். அவர் பெயர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட். பள்ளி வேதியியல் பாடத்தில் வரும் இணைதிறன் என்ற கருத்துக்கு அடித்தளம் போட்டவர் இவர்தான். ஆனா, கழிவுநீருக்கும் இவருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கழிவுநீரை எப்படிச் சுத்தமாக்கலாம் என்பதை அவர் சரியாகச் சொன்னார். அது ஏன் சுத்தமாகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம் பாதிதான் சரி!

அப்பா பெயர் சொல்லப்படாத பிள்ளை

1825 ஜனவரி 18-ம் தேதி, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள கேட்டரால் என்ற சிற்றூரில் பிறந்தார் ஃபிராங்க்லாண்ட். அம்மா மார்கரெட் ஃபிராங்க்லாண்ட். அப்பா, வசதியான வழக்கறிஞர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவின் பெயர் வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மாவுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதனால் பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயர்தான். பின்னாளில் அவர் உலகப் புகழ் பெற்ற பிறகும், அப்பா யார் என்பது வெளியுலகுக்கு நீண்ட காலம் தெரியாமலே இருந்தது.

பையனுக்கு மருத்துவராக ஆசை. அதற்குப் படிக்க வைக்க வசதி இல்லை. 15 வயதில் லங்காஸ்டர் நகரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். மருந்து இடிப்பது, மூட்டை தூக்குவது, கடை திறப்பது, அடைப்பது... இப்படியே வருடங்கள் ஓடின. வேதியியல் என்று பெரிதாக எதுவும் அங்கே கற்றுத்தரப்படவில்லை.

அவருக்குக் கைகொடுத்தது அதே ஊரில் இருந்த ஒரு மருத்துவர் குடும்பம். கிறிஸ்டோபர் ஜான்சன் என்ற மருத்துவரும் அவர் மகனும், ஊரில் ஆர்வமுள்ள இளைஞர்கள் சோதனை செய்து பார்க்க ஒரு சிறு ஆய்வகத்துக்கு இடம் கொடுத்தார்கள். வேலை முடிந்த பிறகு ஃபிராங்க்லாண்ட் அங்கேதான் கிடப்பார். 1845-ல் அந்தக் குடும்பத்தின் உதவியோடு லண்டனில் லயன் பிளேஃபேர் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது.

காற்று பட்டாலே தீப்பிடிக்கும் திரவம்

லண்டனில் ஹெர்மன் கோல்பே என்ற ஜெர்மன் வேதியியலாளர் நண்பரானார். அவரோடு ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் போனார் ஃபிராங்க்லாண்ட். அங்கே ஆசிரியர் யார் தெரியுமா? ஆய்வகங்களில் இன்றும் பயன்படும் புன்சன் பர்னருக்குப் பெயர் தந்த ராபர்ட் புன்சன்!

1849-ல் மார்பர்கிலேயே முனைவர் பட்டம். அங்கேதான் துத்தநாகமும் கரிமப் பொருளும் இணைந்த டைஎத்தில் ஜிங்க் என்ற சேர்மத்தை உருவாக்கினார். காற்று பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் திரவம் அது. உலோகமும் கரிமமும் சேர்ந்த இத்தகைய சேர்மங்களுக்கென்றே பின்னாளில் வேதியியலில் ஒரு தனிப்பிரிவு வளர்ந்தது.

1851-ல் மான்செஸ்டரில் புதிதாகத் தொடங்கிய ஓவன்ஸ் கல்லூரியின் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 26. அடுத்த ஆண்டே, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் மற்ற அணுக்களோடு சேர ஒரு வரம்புள்ள திறன் உண்டு என்ற கருத்தை வெளியிட்டார். இன்று நாம் இணைதிறன் என்று படிப்பது இதன் தொடர்ச்சிதான்.

பிறகு லண்டன். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை, ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்று பல இடங்களில் பாடம் நடத்தினார். 1865-ல் ராயல் வேதியியல் கல்லூரியின் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தப் பதவியோடு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. லண்டன் மக்கள் குடிக்கும் தண்ணீரை மாதாமாதம் சோதித்து அரசுக்கு அறிக்கை தருவது!

1866... லண்டனை உலுக்கிய காலரா

பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே பெரும் சோதனை. 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா பரவியது. 5,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தப் பகுதிக்குக் குடிநீர் கொடுத்த நிறுவனத்தின் திறந்தவெளி நீர்த்தேக்கத்தில் லீ ஆற்றின் அசுத்த நீர் கலந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

காலராவை உண்டாக்கும் கிருமி எது என்பதே அறிவியல் உலகில் அப்போது ஏற்கப்படவில்லை. ராபர்ட் கோக் அதை அடையாளம் காட்டியது 1880-களில்தான். ஆக, தண்ணீரில் ஏதோ ஒன்று ஆளைக் கொல்கிறது. ஆனால் அது என்ன என்று சோதனையில் பிடிபடவில்லை.

இந்த இடத்தில்தான் ஃபிராங்க்லாண்ட் ஒரு கறாரான முடிவுக்கு வந்தார். விஷம் எது என்று வேதியியலால் சொல்ல முடியாதா? சரி, அந்தத் தண்ணீரில் எப்போதாவது மனிதக் கழிவு கலந்ததா என்று பார்ப்போம். கலந்திருந்தால் அந்தத் தண்ணீரை நம்பக் கூடாது.

அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். கழிவில் உள்ள நைட்ரஜன் காலப்போக்கில் நைட்ரேட்டாக மாறும். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும், அதில் நைட்ரேட் அளவு கூடியிருந்தால் பழைய கழிவின் தடயம் அது. காயம் ஆறிய பிறகும் தழும்பு இருக்கும் இல்லையா, அது மாதிரி.

தண்ணீர் நிறுவனங்களுக்கு இது பிடிக்குமா? அவர்கள் பக்கம் நின்ற வேதியியலாளர்களும் எதிர்த்தார்கள். ஆறு சில மைல் தூரம் ஓடினாலே தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். ஃபிராங்க்லாண்ட் விடவில்லை. கழிவு முழுவதும் சிதையும் அளவுக்கு நீளமான ஆறு பிரிட்டனிலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

நதிகளைக் காக்க மூன்று பேர் குழு... தலைவர் மெட்ராஸ் முன்னாள் கவர்னர்

1868-ல் நதிகள் மாசு குறித்து விசாரிக்க பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. மூன்று பேர் குழு. வேதியியலுக்கு ஃபிராங்க்லாண்ட். விவசாயத்துக்கு ஜான் சாமர்ஸ் மார்ட்டன். தலைவர், ராணுவப் பொறியாளரான சர் வில்லியம் டெனிசன். இந்தப் பெயர் சென்னைக்குப் புதிதல்ல. 1861 முதல் 1866 வரை மெட்ராஸ் மாகாண கவர்னராக இருந்தவர் இவர்தான்.

குழு முதலில் ஆராய்ந்தது மெர்சி, ரிபிள் ஆற்றுப் படுகைகளை. அதாவது ஃபிராங்க்லாண்ட் பிறந்து வளர்ந்த லங்காஷயரை. பஞ்சாலைகள், சாயப்பட்டறைகள், காகித ஆலைகள் என்று ஆற்றங்கரை முழுக்கத் தொழிற்சாலைகள். ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் நேராக ஆற்றில்தான். மான்செஸ்டர் வழியாக ஓடிய இர்வெல் ஆறு சாக்கடையாகவே மாறியிருந்தது.

யார்க்ஷயரில் இன்னும் மோசம். வேக்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த ஒருவர் இந்த ஆணையத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். எந்த மையில் எழுதினார் தெரியுமா? கால்டர் ஆற்றுத் தண்ணீரில்! அந்தத் தண்ணீர் அவ்வளவு கறுப்பு. ஆணையம் இதைத் தன் அறிக்கையிலேயே பதிவு செய்தது.

ஆற்றில் கழிவை விடாதே என்று சொல்வது சுலபம். விடாமல் என்ன செய்வது? ஆணையத்தின் முன் இருந்த கேள்வி அதுதான்.

கண்ணாடி உருளைகளுக்குள் நடந்த சோதனை

அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, சுண்ணாம்பு போன்ற ரசாயனம் கலந்து அழுக்கைப் படிய வைப்பது. இதில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போகும், கரைந்திருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும். இரண்டாவது, கழிவுநீரை வயலில் பாய்ச்சுவது. இது வேலை செய்யும். ஆனால் ஒரு நகரத்துக்கு எத்தனை ஆயிரம் ஏக்கர் தேவைப்படும்?

ஃபிராங்க்லாண்ட் வேறு மாதிரி யோசித்தார். மண் எப்படிச் சுத்தம் செய்கிறது என்பதையே சோதித்துப் பார்த்தால் என்ன?

உயரமான கண்ணாடி உருளைகளை நிறுத்தினார். ஒன்றில் மணல், மற்றவற்றில் வெவ்வேறு ஊர்களின் மண். மேலிருந்து லண்டன் சாக்கடை நீரை அளந்து ஊற்றினார். கீழே வடிந்து வரும் நீரைத் தன் ஆய்வகத்தில் சோதித்தார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இது தொடர்ந்தது.

தண்ணீரைச் சோதிப்பதும் லேசான வேலை இல்லை. நீரை முழுவதும் ஆவியாக்கி, மிஞ்சும் படிவை காப்பர் ஆக்சைடோடு சேர்த்து எரித்து, வெளிவரும் வாயுக்களை அளக்க வேண்டும். அதிலிருந்து கரிம கார்பன் எவ்வளவு, கரிம நைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். இந்த முறையை உருவாக்கியதும் அவர்தான். துணையாக இருந்தவர் இளம் மாணவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்.

முடிவு என்ன?

கழிவுநீரை இடைவிடாமல், கீழிருந்து மேலாக மணலுக்குள் செலுத்தினால் பயனில்லை. மணல் எப்போதும் நீரில் மூழ்கியே இருந்தது. வெளியே வந்த நீரும் ஏறக்குறைய சாக்கடையாகவே இருந்தது.

அதே மணலில் மேலிருந்து கொஞ்சம் ஊற்றி, வடிய விட்டு, மணல் காலியாகி உள்ளே காற்று புகுந்த பிறகு மறுபடி ஊற்றினால் கதையே வேறு. அழுக்கின் பெரும்பகுதி காணாமல் போனது. வடிந்து வந்த நீரில் அம்மோனியா குறைந்து, நைட்ரேட் கூடியிருந்தது. மணலும் அடைத்துக்கொள்ளவில்லை. மாதங்கள் கடந்தும் வேலை செய்தது.

குடிநீரில் எந்த நைட்ரேட்டைப் பழைய கழிவின் தழும்பு என்று சொல்லி எச்சரித்தாரோ, அதே நைட்ரேட் இங்கே மண் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் ஆனது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நம்ம ஊர் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட வேண்டும் என்பார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கக் கூடாது. பாய்ச்சு, காய விடு, மறுபடி பாய்ச்சு. வேருக்கும் மூச்சு விட நேரம் கொடு. ஃபிராங்க்லாண்ட் சொன்ன விஷயத்தின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்.

அதுவரை மணல் ஒரு வடிகட்டி என்றே எல்லோரும் நினைத்தார்கள். டீ வடிகட்டி மாதிரி, ஓட்டை சின்னதா இருந்தால் அழுக்கு தங்கும் என்ற கணக்கு. ஃபிராங்க்லாண்ட் இதை மாற்றினார். மண் கழிவைத் தடுத்து வைத்துக்கொள்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதை எரித்துவிடுகிறது என்றார். மண் நிரம்பிய வயல் ஒரு நுரையீரல் மாதிரி மூச்சு விடுகிறது என்ற ஒப்பீட்டையும் அறிக்கையில் வைத்தார். 1870-ல் வெளிவந்த ஆணையத்தின் முதல் அறிக்கையில் இந்தச் சோதனைகள் இடம்பெற்றன.

கணக்கும் போட்டுக் காட்டினார். ஏற்ற மண் அமைந்தால், ஒரே ஏக்கரில் 3,000 பேருக்கு மேல் வெளியேற்றும் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்றார். வயலில் பாய்ச்சும் முறையில் ஒரு ஏக்கருக்கு 100 பேர் என்பதுதான் அன்றைய பொதுக் கணக்கு.

1871-ல் வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்வில் நகரில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. பெய்லி டென்டன் என்ற பொறியாளர் சுமார் 20 ஏக்கர் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்று வேலை செய்யும்போது மற்றவை ஓய்வெடுக்கும்படி அமைத்தார். வெற்றி!

ஏற்க மறுத்தது யார்?

இவ்வளவு நல்ல வழி கிடைத்தும் அது உடனே நாடு முழுக்கப் பரவவில்லை. தயங்கியவர்களில் ஃபிராங்க்லாண்ட் இருந்த அதே ஆணையமும் ஒன்று!

காரணம் பணம். அந்தக் காலத்தில் சாக்கடை நீர் என்பது உரம். வயலில் பாய்ச்சினால் விளைச்சல் வரும், வருமானம் வரும். மணலில் விட்டால் உரம் எல்லாம் நைட்ரேட்டாகக் கரைந்து ஆற்றோடு போய்விடும். அதனால் நிலம் கிடைக்கும் இடத்தில் வயலில் பாய்ச்சுவதே மேல், நிலம் கிடைக்காத இடத்துக்கு மணல் வழி என்று ஆணையம் பரிந்துரைத்தது.

ஆற்றில் விடும் கழிவுக்கு எண்ணிக்கையில் வரம்பு வைக்கவும் ஆணையம் சொன்னது. உதாரணமாக, ஒரு லட்சம் பங்கு நீரில் கரிம நைட்ரஜன் 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 1876-ல் நதிகள் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் இந்த எண்கள் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆலைகள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஏகப்பட்ட முன் அனுமதி தேவைப்பட்டது. ஆறுகள் நாறிக்கொண்டேதான் இருந்தன.

அவர் பார்க்காமல் விட்ட ரகசியம்

ஃபிராங்க்லாண்ட் ஒரு வேதியியலாளர். அவர் கண்ணுக்கு மண்ணில் நடப்பது ஒரு வேதிவினை. ஆக்சிஜன் வந்தது, கழிவு எரிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் இடித்தது. சில வகை மண்ணில் முதல் நாளே சுத்திகரிப்பு நடக்கவில்லை. வாரங்கள், ஏன் மாதங்கள்கூட ஆன பிறகே வேலை தொடங்கியது. காற்றும் கழிவும் மணலும் மட்டும் போதும் என்றால் எதற்கு இந்தக் காத்திருப்பு?

விடை பாரிஸில் கிடைத்தது. 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெதுவாக விட்டார்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. அப்போது குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றுபோனது. குளோரோஃபார்மை நீக்கி, கொஞ்சம் புது மண்ணைக் கலந்தார்கள். மறுபடி நைட்ரேட் வந்தது!

மணலுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மயங்குமா? மயங்காது. அப்படியென்றால் மயங்கியது உள்ளே இருக்கும் உயிர். கழிவுநீரைச் சுத்தம் செய்தது மணலோ வெறும் காற்றோ இல்லை. மணல்மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்.

அப்பா விட்ட இடத்தில் மகன்

அந்த நுண்ணுயிர் எது என்ற தேடலில் இறங்கியவர்களில் ஒருவர் பெர்சி ஃபிராங்க்லாண்ட். ஆமாம், எட்வர்டின் மகன்!

பெர்சியும் வேதியியலாளர்தான். ஆனால் கோக் உருவாக்கிய பாக்டீரியா வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு 1885-லிருந்து லண்டன் குடிநீரில் பாக்டீரியாக்களை எண்ணத் தொடங்கினார். மணல் வடிப்பான் வழியாக வந்த நீரில் பாக்டீரியாக்களின் பெரும்பகுதி நீங்கியிருப்பதை எண்ணிக்கையோடு காட்டினார். வேதியியல் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியாத நீரில், இந்த எண்ணிக்கை உண்மையைச் சொன்னது.

1890-ல் பெர்சியும் அவர் மனைவி கிரேஸும் அம்மோனியாவை மாற்றும் மண் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்த ஆய்வை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கியும் இதைச் சாதித்தார். பெரும் புகழ் அவருக்கே போனது. ஆனாலும் அப்பாவின் கண்ணாடி உருளைக்குள் யார் வேலை செய்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் மகனும் மருமகளும் இருந்தார்கள்.

பயோஃபிலிம் என்றால் என்ன?

குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்கும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழவழ என்று இருக்கும். காலையில் பல் துலக்கும் முன் பல்லில் ஒரு பிசுபிசுப்பு தெரியும். இவை எல்லாமே பயோஃபிலிம்தான். தமிழில் உயிர்ப்படலம் எனலாம்.

நீரில் மிதக்கும் பாக்டீரியா ஒரு கல்லிலோ மணலிலோ ஒட்டிக்கொள்கிறது. பிறகு பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தனக்கு வீடு கட்டுகிறது. அதில் மற்ற பாக்டீரியாக்களும் வந்து குடியேறுகின்றன. கழிவுநீர் அந்தப் படலத்தின்மேல் வழிந்து போகும்போது, அதில் கரைந்திருக்கும் அழுக்கும் ஆக்சிஜனும் உள்ளே ஊடுருவுகின்றன. பாக்டீரியாக்களுக்கு அழுக்குதான் சாப்பாடு.

வெளி அடுக்கில் ஆக்சிஜன் தாராளம். அங்கே கரிமக் கழிவு சிதைக்கப்படுகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள். ஃபிராங்க்லாண்டின் உருளைகள் வேலையைத் தொடங்க ஏன் நாள் எடுத்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. குடும்பம் பெருக நேரம் வேணுமே!

படலம் தடிமனாகும்போது உள் அடுக்குக்கு ஆக்சிஜன் எட்டாது. கல்லைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்து, படலம் தானாக உரிந்து விழும். அதை அடுத்த தொட்டியில் படிய வைத்து எடுத்துவிடலாம். காலியான இடத்தில் புதுப் படலம் வளரும்.

காற்று முழுவதும் நின்றுவிட்டால்? ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் கை ஓங்கும். அவை கழிவில் உள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதுதான் அழுகிய முட்டை வாடை. புளோயர் நின்றால் எஸ்.டி.பி. நாறுவது இதனால்தான்.

மணலிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஃபிராங்க்லாண்டின் இடைவெளி விட்டு ஊற்றும் முறையை அங்கே பெரிய அளவில் சோதித்தார்கள். மணலுக்குப் பதில் கூழாங்கற்களையும் போட்டுப் பார்த்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி. எதையும் வடிகட்ட வாய்ப்பே இல்லை. ஆனாலும் நீர் சுத்தமானது! வடிகட்டுவது முக்கியமில்லை, படலம் ஒட்ட ஓர் இடமும் காற்றும்தான் முக்கியம் என்பது இதில் பளிச்சென்று தெரிந்தது.

1893-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரில் ஜோசப் கார்பெட் என்பவர் கல் படுக்கையின்மேல் கழிவுநீரை மழை மாதிரி தூவும் அமைப்பை உருவாக்கினார். தூவுவதால் நடுவே காற்று எப்போதும் இருக்கும். நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டிய அவசியமும் போனது. வட்டமான கல் படுக்கைமேல் நீண்ட குழாய்க் கைகள் சுற்றிச் சுற்றி நீர் தெளிக்கும் சொட்டு வடிப்பான்கள் இந்த வழியில் வந்தவையே.

அடுத்த பெரிய மாற்றம் 1980-களின் கடைசியில் நார்வேயில் நடந்தது. கல்லுக்குப் பதில், சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களைத் தொட்டியில் போட்டு, கீழிருந்து காற்றை ஊதி அவற்றை மிதந்து சுழல விட்டார்கள். படலம் சக்கரத்தின் உள்பக்கத்தில் பாதுகாப்பாக வளரும். இத்தகைய சக்கரங்களை ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவித்தால், அதில் படலம் வளர சுமார் 500 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். சிறிய இடத்தில் பெரிய வேலை!

இதுதான் எம்.பி.பி.ஆர். என்று சொல்லப்படும் முறை. நகராட்சிக் கழிவு, காகித ஆலை, பால் பண்ணைக் கழிவு எனப் பலவற்றுக்கும் பயன்படுகிறது. இந்திய நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ள பல எஸ்.டி.பி.களும் இந்த வகைதான்.

கடைசி நாட்கள்

ஃபிராங்க்லாண்ட் மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக லண்டன் குடிநீரைச் சோதித்து அறிக்கை தந்துகொண்டே இருந்தார். பாக்டீரியா எண்ணும் முறை வந்தபோது, வயதான காலத்திலும் அதைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டார். 1894-ல் ராயல் சொசைட்டியின் உயரிய கோப்ளி பதக்கம் கிடைத்தது. 1897-ல் சர் பட்டம். அப்பா பெயர் சொல்ல முடியாமல் வளர்ந்த மருந்துக்கடைப் பையன், சர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் ஆனார்.

1899-ல் வழக்கம்போல் விடுமுறைக்கு நார்வே போனார். ஆகஸ்ட் 9-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 74. அவருடைய கருத்தின் இன்றைய வடிவமான பிளாஸ்டிக் சக்கர முறை, சுமார் 90 ஆண்டுகள் கழித்து அதே நாட்டிலிருந்து வந்தது என்பது தற்செயல்தான்.

கல் மாறியது, பிளாஸ்டிக் வந்தது. மாறாதது ஒன்றுதான். படலத்தில் இருப்பது உயிர். அதற்கு அளவான சாப்பாடும் போதுமான காற்றும் வேணும். தொட்டி தாங்கும் அளவுக்கு மேல் கழிவுநீரை விட்டாலோ, கரன்ட் செலவை மிச்சம் பிடிக்க புளோயரை அணைத்தாலோ, எவ்வளவு செலவு செய்து கட்டிய எஸ்.டி.பி.யும் வெறும் சாக்கடைத் தொட்டிதான்.

அடுத்த முறை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் புளோயர் கரன்ட் பில் பற்றிப் பேச்சு வந்தால், ஃபிராங்க்லாண்டின் கண்ணாடி உருளைகளை ஒரு தடவை நினைச்சுக்கோங்க!